காலி எடை

பிப்ரவரி ஆறாம் தேதி, வியாழக்கிழமை. அரசு மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், இதயநோய் மரபியல் பிரிவின் காத்திருப்பு அறையில் பன்னிரண்டு நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. அவற்றில் நான்குக்குக் கைப்பிடி கிடையாது.

அந்த நான்கில் ஒன்றில் தராசு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து அண்ணனுக்கு இடம் பிடித்திருந்தாள். அதுவும் கைப்பிடி இல்லாததுதான். அண்ணனுக்கு வேறு எதுவும் சரிப்படாது.

தராசு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. ஜல்லிக் களத்தின் வாசலில் இருக்கும் எடை மேடை அவள் பொறுப்பு. கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறையில் உட்கார்ந்து, மேடையில் ஏறி நிற்கும் லாரியின் எடையைப் பார்த்து, சீட்டு அடித்துக் கொடுத்து, பச்சை விளக்கைப் போடுவாள். பச்சை விழாமல் எந்த லாரியும் நகராது. லாரிக்காரர்கள் அவளுக்குத் தராசு என்று பெயர் வைத்தார்கள். அதே களத்தில் லாரி ஓட்டும் அவள் அண்ணனுக்கு டன் என்று வைத்தார்கள். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. அம்மா மட்டும் இன்னும் பெரியவன், சின்னவ என்றுதான் கூப்பிடுவாள்.

"உங்க அண்ணன் வந்தாச்சா?" நர்ஸ் கதவைப் பாதி திறந்து கேட்டாள்.

"வந்துட்டே இருக்கான் சிஸ்டர்."

"டாக்டர் ரெண்டாவது தடவை கேக்கறாங்க. மத்தியானம் கிளம்பிடுவாங்க. விட்டா அடுத்த மாசம்தான்."

கதவு சாத்திக்கொண்டது. போன வாரம் தன் ரத்தப் பரிசோதனை முடிவைத் தெரிந்துகொள்ள அவள் அரை மணி நேரம் பிந்தித்தான் வந்தாள். அன்றைக்கு அவளை யாரும் ஒரு தடவைகூடத் தேடவில்லை.

சித்தப்பாவுக்கு ரத்தத்தில் ஒரு மரபுப் பழுது இருப்பது தெரிந்ததால், இறந்துபோன அப்பாவின் பிள்ளைகள் இரண்டு பேரையும் சோதித்துக்கொள்ளச் சொல்லியிருந்தது ஆஸ்பத்திரி. போன வாரம் டாக்டரம்மா அவளிடம் பொறுமையாகத்தான் சொன்னார். ரத்தத்தில் சேரும் கெட்ட கொழுப்பை இழுத்து வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. சிலருக்கு அந்த வேலைக்கான மரபணுவில் பிறக்கும்போதே பழுது இருக்கும். சின்ன வயதிலிருந்தே கொழுப்பு ரத்தக் குழாயில் படிந்துகொண்டு வரும்.

"ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வரும்மா. குண்டா இருந்தா அதுக்கு மேல இன்னொரு பாரம். ரெண்டும் தனித்தனி பாரம். ஏத்தறது ஒரே வண்டில."

"எடையைக் குறைச்சா சரியாயிடுமா டாக்டர்?"

"எடையைக் குறைக்கறது நல்லதுதான். ரெண்டாவது பாரம் இறங்கும். முதல் பாரம் இறங்காது. அதுக்கு மாத்திரை இருக்கு. வாழ்நாள் பூரா சாப்பிடணும். சீக்கிரம் ஆரம்பிச்சா நல்ல பலன் கிடைக்கும். லேட் பண்றதுதான் ஆபத்து."

பிறகு அவர் குனிந்து தராசுவின் குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாரை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "மெல்லிசா இருக்கு. உங்க அப்பாவுக்கு இந்த இடம் தடிப்பா இருக்குமா?"

அப்போதுதான் தராசுவுக்கு அப்பாவின் கால் ஞாபகம் வந்தது. லாரியிலிருந்து இறங்கி வந்து குப்புறப் படுத்துக்கொள்வார். குதிகாலுக்கு மேல் முடிச்சு விழுந்த கயிறு மாதிரி இருக்கும். குழந்தைகள் இரண்டும் அதை அமுக்கி விளையாடும்.

"அண்ணனுக்கு எப்படி?"

"தெரியல டாக்டர். அவன் எப்பவும் பூட்ஸ்லதான் இருப்பான்."

அவளுக்கு அந்தப் பழுது இல்லை என்றார் டாக்டரம்மா. நூற்றுப் பத்து கிலோ உடம்போடு அவள் படி இறங்கி வரும்போது சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஏனென்றால் அப்பா இறந்ததிலிருந்து அந்த வீட்டில் பயம் என்றால் அது எடையைப் பற்றிய பயம்தான்.

அப்பாவும் லாரிக்காரர். நாற்பத்து நாலு வயதில், ஒரு எடை மேடைக்கு முன்னால் வரிசையில் நின்ற லாரியில், ஸ்டியரிங் மேல் சாய்ந்தபடி போய்விட்டார். முன்னால் இடம் விழுந்தும் லாரி நகரவில்லை என்று பின்னால் இருந்தவர்கள் விடாமல் ஹாரன் அடித்தார்களாம். 'குண்டு உடம்பு, தாங்கல' என்று வந்தவர் போனவர் எல்லாரும் சொன்னார்கள். வீடும் அதையே பிடித்துக்கொண்டது. அண்ணனுக்கு இப்போது நாற்பத்து மூன்று.

ஆனால் அண்ணனைப் பற்றி டாக்டரிடம் பெருமையாகச் சொல்ல அவளிடம் ஒரு விஷயம் இருந்தது. ஐந்து மாதத்தில் முப்பது கிலோ இளைத்திருந்தான்.

வீட்டில் இருக்கும் எடை மெஷின் நூற்றைம்பதோடு நின்றுவிடும். அண்ணன் ஏறினால் எண்ணுக்குப் பதில் கோடுதான் காட்டும். அதனால் தராசு தன் மேடையிலேயே அவனை எடை பார்த்தாள். திங்கட்கிழமை காலை, டேங்க் நிறைய டீசல் போட்டு, காலி வண்டியாக, அண்ணன் சீட்டில் உட்கார்ந்தபடி மேடை ஏறுவான். வண்டி அதே வண்டி, டீசல் அதே டீசல். எண் இறங்கினால் இளைத்தது அண்ணன்தான். அவனை இறக்கிவிட்டுத் தனியாகப் பார்க்கலாம்தான். முழங்கால் வலிக்கிறது, ஏறி இறங்க முடியாது என்பான். பின்னால் நிற்கும் லாரிகளும் பொறுக்காது. மேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். ஐந்து மாதத்தில் அது 4,780 லிருந்து 4,750க்கு இறங்கியிருந்தது.

பார்வைக்கு அவ்வளவு இளைத்த மாதிரித் தெரியவில்லை. சட்டை மட்டும் தொளதொளவென்று இருந்தது. ஆனால் தராசுவின் தொழிலில் கண்ணை நம்பினால் பிழைப்பு நடக்காது. மேடை என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு.

அந்த நம்பிக்கையில்தான், ரத்தம் கொடுக்க வரச் சொல்லி ஆஸ்பத்திரி கூப்பிட்டபோதெல்லாம் அண்ணன் 'இன்னும் கொஞ்சம் இளைச்சுட்டு வரேன்' என்று தள்ளிப்போட, அவளும் சரி என்றாள். ஒருவழியாகப் போன மாதம் வந்தான். எடை பார்க்க நர்ஸ் கூப்பிட்டதற்கு, "நான் ஏறினா நாளைக்கு வர்றவங்களுக்கு மெஷின் இருக்காது சிஸ்டர்" என்று சிரிக்க வைத்தான். "நான் எடை போடறவதான் சிஸ்டர், எழுதிக்கோங்க" என்று தராசு ஒரு எண்ணைச் சொன்னாள். நர்ஸும் எழுதிக்கொண்டாள்.

கைப்பையில் போன் அதிர்ந்தது. அண்ணன்.

"எங்க இருக்க?"

"ரோட்டுல."

"அது கேக்குது. எந்த ரோட்டுல?"

"பைபாஸ்ல, பெட்ரோல் பங்க் தாண்டி. முன் டயர் போயிடுச்சு."

"ஸ்டெப்னியை மாட்டிட்டு சீக்கிரம் வா. டாக்டர் ரெண்டு தடவை கேட்டுட்டாங்க."

மறுமுனையில் லாரிகள் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணா?"

"ஸ்டெப்னி அம்மா வீட்டுல இருக்கு."

"அம்மாவுக்கு எதுக்கு ஸ்டெப்னி?"

"கோவப்படாம கேளு."

"நான் கோவப்படல."

"இப்பவே குரல் மாறிடுச்சு பாரு. ஸ்டெப்னி இருக்கற இடத்துல மணல் மூட்டை கட்டி வச்சிருக்கேன். அப்பப்ப கொஞ்சம் மணலை எடுத்துக் கொட்டிடுவேன்."

தராசுவின் தலைக்குள் கணக்கு அவளைக் கேட்காமலே ஓடியது. ஸ்டெப்னி அறுபது கிலோ. மேடையில் குறைந்தது முப்பது. அப்படியென்றால் மூட்டையில் மிச்சம் முப்பது.

"தராசு? லைன்ல இருக்கியா?"

"அங்கயே இரு. நான் வரேன்."

நர்ஸின் கதவைத் தட்டினாள். "சிஸ்டர், டாக்டரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க. எப்படியும் கூட்டிட்டு வந்துடறேன்." அப்புறம் தாங்க முடியாமல், "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்..."

"அதை மட்டும் கேக்காதீங்க. அவர்கிட்ட மட்டும்தான் சொல்லணும். அதுவும் நேர்ல." நர்ஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மூடினாள். பேனா ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

*

அம்மா வீட்டின் பின்பக்கத்து அறையில் ஸ்டெப்னி படுத்துக் கிடந்தது. அதன்மேல் ஒரு பலகை, பலகைமேல் ஒரு பழைய போர்வை. அம்மா அதில் துணி விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது எப்பத்திலேர்ந்து இங்க இருக்கு?"

"மாசக் கணக்கா இருக்கு. வண்டில இடம் இல்லம்மா, கொஞ்ச நாள் கிடக்கட்டும்னான். எனக்கும் குனியாம இஸ்திரி போட வசதியா இருக்கு. ஏன், என்னாச்சு?"

"எடுத்துட்டுப் போகணும். அதை நகர்த்து."

"இருடி, இந்தக் கையை முடிச்சுடறேன். பெரியவன் சட்டை. இதுவும் ரெண்டு சைஸ் பெரிசா வாங்கிருக்கான் பாரு. காத்தோட்டமா இருக்கட்டும்னான்."

தராசு அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நீலக் கட்டம் போட்ட சட்டை. போன திங்கட்கிழமை இதே மாதிரி ஒன்று தொளதொளவென்று இருப்பதைப் பார்த்துத்தான், மேடை பொய் சொல்லாது என்று மறுபடி ஒரு தடவை நினைத்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்க?" அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"இன்னும் ஒண்ணும் சொல்லல. அவன் போனாத்தான் சொல்லுவாங்க."

"அவனுக்கு என்ன வரப் போகுது? அதான் இளைச்சுட்டானே. நீதான வந்து சொன்ன? நான் தெரு பூரா சொல்லி வச்சிருக்கேன்."

அவள் வரும் வழியில் சொல்லி வைத்திருந்த பஞ்சர் கடைக்காரர் மினி வேனை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார்.

அறுபது கிலோ சக்கரத்தைப் பஞ்சர் கடைக்காரர் ஒரு பக்கமும் தராசு ஒரு பக்கமுமாக உருட்டிக்கொண்டு போனார்கள். அம்மா பலகையையும் சட்டையையும் அணைத்துக்கொண்டு, இனிமேல் எதன்மேல் இஸ்திரி போடுவது என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தாள்.

*

அண்ணன் ரோட்டோரத்தில் மணல் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். பூட்ஸ் இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தான். முன் சக்கரம் சப்பையாகி லாரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"வா தராசு. எடை போட வந்தியா?"

"மூட்டைல எவ்வளவு இருக்கு?"

"முப்பது. மூணு வாரம் முன்னாடிதான் பத்து கிலோ இளைச்சேன்."

பஞ்சர் கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜாக்கியை எடுக்கப் போனார். தராசு சிரிக்கவில்லை.

"ஏண்ணா இப்படிப் பண்ண?"

"நான் எங்க பண்ணேன்? ஒரு நாள் தண்ணி கேனை வீட்டுலயே மறந்து வச்சுட்டு வந்துட்டேன். மேடைல பத்து கிலோ குறைஞ்சுது. நீ மைக்ல என்ன கத்து கத்தின! 'டன் இளைச்சுட்டான், டன் இளைச்சுட்டான்'னு. களத்துல அத்தனை பேரும் கை தட்டினாங்க. அன்னிக்கு அம்மா எனக்கு திருஷ்டி எடுக்காத குறை. அதுக்கப்புறம் அந்தப் பத்தை எப்படித் திருப்பி ஏத்தறது?"

"உண்மையாவே இளைச்சிருக்கலாமில்ல."

"முயற்சி பண்ணாம இல்ல. ராத்திரிச் சாப்பாட்டை விட்டேன். காலைல களத்தைச் சுத்தி நடந்தேன். ரெண்டு கிலோகூடக் குறைஞ்சிருக்காது. உன் மேடைல ரெண்டு கிலோ தெரியுமா?"

தெரியாது. அது பத்துப் பத்தாகத்தான் பேசும்.

அவன் குரலில் சிரிப்பு இல்லாமல் போயிருந்தது. தராசு அவன் பக்கத்தில், அதே மூட்டையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்ததில் மூட்டை வாய் பிளந்து மணல் கொஞ்சம் சிந்தியது.

"பாரு, இன்னும் ரெண்டு கிலோ போச்சு" என்றான் அண்ணன்.

"அண்ணா, இது எடை விஷயமே இல்ல. டாக்டர் சொன்னதை உன்கிட்ட எத்தனை தடவை சொன்னேன். அப்பாவுக்கு ரத்தத்துலயே ஒரு பழுது இருந்திருக்கு. அது பிள்ளைங்களுக்கு வர பாதி வாய்ப்பு இருக்கு. காசு சுண்டற மாதிரி. எனக்கு ஒரு தடவை, உனக்கு ஒரு தடவை."

"உனக்குப் பூ விழுந்துடுச்சு."

"ஆமா."

"நம்ம ரெண்டு பேர்ல நீதான் அதிகம் சாப்பிடுவ."

"ஆமாண்ணா."

அவன் ரோட்டைப் பார்த்தான். "எனக்கு இருந்தா, பாப்பாவுக்கும் சுண்டிப் பாக்கணுமா?"

பாப்பா என்பது அவன் மகள். பதினாலு வயது, எட்டூர் தூரம் ஓடினாலும் மூச்சு வாங்காத ஒல்லிக் குச்சி. பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் போன மாதம்தான் கோப்பை வாங்கினாள். அண்ணன் அதை லாரியின் டேஷ்போர்டில் ஒட்டி வைத்திருந்தான்.

"உனக்கு இருந்தா பாக்கணும்."

"இருந்தாத்தானே." அவன் கையை ஊன்றி எழுந்தான். "நம்ம களத்துல அந்த மீசைக்காரர் இருந்தாரில்ல. நெஞ்சு வலின்னு ஒரே ஒரு தடவை வாயை விட்டுச் சொன்னார். அதோட வண்டிச் சாவியை வாங்கி வச்சுட்டாங்க. இப்ப வாசல்ல உக்காந்து யாரு எத்தனை மணிக்கு வராங்கன்னு பாத்துட்டிருக்கார்."

"உயிரோட பாத்துட்டிருக்கார்."

பஞ்சர் கடைக்காரரால் ஒரு நட்டை அசைக்க முடியவில்லை. "தள்ளுங்க, அதுக்கு என் வெயிட்டு வேணும்" என்று அண்ணன் போனான். வெறுங்காலோடு வீல் ஸ்பானர்மேல் ஏறி, லாரியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி எம்பி மிதித்தான்.

தராசு மூட்டைமேலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணுக்கு நேராக அவன் கால்கள் இருந்தன.

குதிகாலுக்கு மேலே, மெலிய வேண்டிய இடம் மெலியவில்லை. கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு கயிறு, நடுவில் முடிச்சு விழுந்து புடைத்திருந்தது. இரண்டு காலிலும். அவளுடைய விரல்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். சின்ன வயதில் எத்தனையோ நாள் அமுக்கிப் பார்த்திருக்கிறாள்.

நட்டு கிறீச்சிட்டுத் திரும்பியது. அண்ணன் இறங்கி மூச்சு வாங்கினான்.

"கால்ல என்ன அது?"

"எது? அதா? பூட்ஸ் கடிச்சது."

"எப்பத்திலேர்ந்து?"

"எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியிருந்தே இருக்கு. ரொம்ப உறுத்தினா பூட்ஸோட பின்பக்கத்தைப் பிளேடால கீறி விட்டுக்குவேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"பூட்ஸ் கடிச்சதுக்கு யாராவது டாக்டர்கிட்ட போவாங்களா?"

"அப்பாவுக்கும் அந்த இடத்துல இப்படியேதான் இருக்கும், ஞாபகம் இருக்கா?"

"இருக்கும். அவரும் லாரிக்காரர்தானே. பூட்ஸ் போட்டா..."

அவன் நிறுத்திக்கொண்டான். அப்பா ஆயுளில் ஒரு நாளும் பூட்ஸ் போட்டதில்லை. ரப்பர் செருப்புதான். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

பஞ்சர் கடைக்காரர் ஸ்டெப்னியை மாட்டி நட்டுகளை முடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் பூட்ஸை எடுத்து, உட்காராமலே, லாரியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டான். லேஸைக் கட்ட அவனால் குனிய முடியாது. தராசு குனிந்து கட்டிவிட்டாள்.

*

டாக்டரம்மா இன்னும் கிளம்பியிருக்கவில்லை. நர்ஸ் அண்ணனை நேராக எடை மெஷினுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இந்தத் தடவை அவன் ஜோக் எதுவும் சொல்லவில்லை.

"நூத்தி அறுபத்தெட்டு" என்றாள் நர்ஸ். போன மாதம் தான் எழுதிக்கொண்ட எண்ணைப் பார்த்தாள். அப்புறம் தராசுவைப் பார்த்தாள். தராசு ஜன்னலைப் பார்த்தாள்.

தராசு டாக்டரின் கதவு வரை போய் அண்ணனோடு உள்ளே நுழையப் பார்த்தாள். அவன் திரும்பி, "நீ இங்கயே இரு" என்றான்.

"நானும் வரேண்ணா. டாக்டர் சொல்றது உனக்குப் புரியாது."

"புரியற வரைக்கும் கேக்கறேன். நீ உக்காரு."

அவள் கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தாள். கதவுக்குப் பின்னால் டாக்டரம்மாவின் குரல் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. அண்ணனின் குரல் கேட்கவே இல்லை. அவளுக்கு முடிவு சொன்ன அன்று, பத்தே நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். இன்றைக்குப் பக்கத்து அறைக்கு ஒரு ஆள் போய் வந்து, அவருக்கு அடுத்த ஆளும் போய் வந்தார்.

கதவு திறந்தது. அண்ணன் காதில் போனை வைத்துக்கொண்டே வெளியே வந்தான்.

"அம்மா, நான்தான். ஒண்ணுமில்லம்மா. உன் பிள்ளை தப்பிச்சுட்டான். ஆமா, நல்லாக் கேட்டுட்டேன். எடையை மட்டும் குறைக்கணுமாம், அவ்வளவுதான். அழாதம்மா. இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா? இரு, சின்னவகிட்ட தரேன்."

போன் அவள் கைக்கு வந்துவிட்டது. அம்மாவின் அழுகை நாற்காலிகள் வரை கேட்டது. "அடியே, கேட்டியா? உங்க அப்பா போனதுலேர்ந்து இந்த நெஞ்சுல ஒரு கல்லு கிடந்துது. இன்னிக்குத்தான் இறங்கிச்சு. உனக்கும் இல்ல, அவனுக்கும் இல்ல. கேட்டியாடி?"

தராசு அண்ணனைப் பார்த்தாள். அவன் கண் கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேட்டேம்மா" என்றாள்.

போனைக் கொடுத்துவிட்டு நேராக டாக்டரின் கதவைத் தள்ளினாள். டாக்டரம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், அவன் கால்ல இருக்கு. நான் பாத்துட்டேன். ரெண்டு கால்லயும். அப்பாவுக்கு இருந்த மாதிரியே."

டாக்டரம்மா பையை மறுபடி மேஜைமேல் வைத்தார். "உங்க அண்ணன் உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்லன்னு சொல்றான்."

"அவர் சொன்னதைத் தாண்டி நான் உங்ககிட்ட எதுவும் சொல்ல முடியாதும்மா. என்னால முடிஞ்சதை அவர்கிட்ட சொல்லிட்டேன். ரெண்டு தடவை சொன்னேன்."

"அப்ப நான் என்ன பண்றது?"

"அவரே உங்ககிட்ட சொல்ற மாதிரி பாத்துக்கங்க."

டாக்டரம்மா பையை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டார்.

அண்ணன் படிக்கட்டில் பாதி இறங்கியிருந்தான். தராசு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவனை எட்டிப்பிடித்தாள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"பூட்ஸைக் கழட்டு. திரும்பி மேல வா. என் முன்னாடி டாக்டர் அதைத் தொட்டுப் பாக்கட்டும்."

"விடு தராசு."

"அம்மாவை ஏமாத்தலாம். என்னை ஏமாத்த முடியாது."

"அஞ்சு மாசம் ஏமாத்தினேனே." அவன் சொல்லிவிட்டு அடுத்த கணமே வருந்தின மாதிரி அவள் தோளைப் பிடித்தான். "நீ எத்தனை லாரியை எடை போட்டிருப்ப? என்னிக்காவது ஒருத்தனை நிறுத்தி உள்ள என்ன இருக்குன்னு கேட்டிருக்கியா? எடையைப் பாப்ப, பச்சையைப் போடுவ. என்னையும் அப்படியே விட்டுடு."

"நீ லாரி இல்ல. எங்க அண்ணன்."

"எனக்கு இல்ல" என்றான் அவன். மெதுவாக, குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி. "எனக்கு இல்லன்னா பாப்பாவுக்கும் இல்ல. புரியுதா? யாரும் அவளைக் கூட்டிட்டு வந்து அந்த நாற்காலில உக்கார வைக்க வேண்டாம். இதோட விடு."

அவன் இறங்கிப் போனான். கீறிய பூட்ஸுக்குள் குதிகால் ஒவ்வொரு படிக்கும் ஏறி இறங்கியது.

*

வெள்ளியும் சனியும் ஞாயிறும் அவன் போனை எடுக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டால் அம்மா உடனே எடுத்தாள், எடுக்கும்போதெல்லாம் சிரித்தாள். புதிதாக ஒரு இஸ்திரி மேஜை வாங்கித் தருவதாகப் பெரியவன் சொல்லியிருக்கிறானாம். சொல்லிவிடலாம் என்று தராசு மூன்று தடவை வாயெடுத்தாள். வெறும் குதிகாலை வைத்துக்கொண்டு என்னவென்று சொல்வது?

திங்கட்கிழமை காலை அண்ணனின் லாரி மேடை ஏறியது. காலி வண்டி, டேங்க் நிறைய டீசல். ஸ்டெப்னி அதன் இடத்தில் இருந்தது. மணல் மூட்டை இல்லை.

தராசுவின் ஜன்னலிலிருந்து டேஷ்போர்டு தெளிவாகத் தெரியும். பாப்பாவின் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடைக் கவர் கிடந்தது. வியாழக்கிழமைத் தேதி பெரிதாக எழுதியிருந்தது. கவரின் வாயில் குத்திய ஸ்டேப்ளர் ஊசி அப்படியே இருந்தது. பிரிக்கவில்லை.

அவள் மைக்கைத் திறந்தாள். "அண்ணா, வண்டியை விட்டு இறங்கு."

அவன் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"இறங்கி இங்க வா. அந்தக் கவரையும் எடுத்துட்டு வா."

அவன் கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

அவளிடம் இருந்தது சிவப்பு விளக்கு ஒன்றுதான். அதை மாற்றாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இருந்ததும் அடித்தது. வரிசை முழுக்க அடிக்க ஆரம்பித்தது. தராசு அண்ணனின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஸ்டியரிங்குக்கு மேலே நிமிர்ந்துதான் இருந்தது. மேற்பார்வையாளர் ஆபீஸிலிருந்து வெளியே வந்து, தூக்கம் வருதா என்று கத்தினார்.

அவள் பச்சையைப் போட்டாள். லாரி இறங்கி லோடு ஏற்றப் போனது.

மேடை 4,780 காட்டியிருந்தது.